யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்

இந்தத் தடவையும் வீடு இல்லையென்று அழைப்புமணிதான் சொன்னது.

வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. கதவு திறக்கவில்லை, ஜன்னல் திரைகூட அசையவில்லை. சுவரில் பதித்திருந்த சோப்புக்கட்டி அளவு மணியிலிருந்து ஒரு பெண்குரல், "உங்கள் வருகைக்கு நன்றி. இந்த வீடு தற்போது உங்களுக்குப் பொருத்தமாக இல்லை" என்று தேன் தடவிச் சொன்னது. அம்மா அந்த மணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா பொருத்தம் இல்லியாம்? கண்ணாலமா பண்ணிக்கப் போறம்?"

நிரோஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கணுக்கால்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. மறுநாள் காலையில் டயாலிசிஸ். இப்போது ரயில் ஏறி, மதுராந்தகத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் காலனிக்குப் போய்ப் படுத்து, விடிவதற்குள் எழுந்து மறுபடி இதே தாம்பரத்துக்கு வர வேண்டும். வாரத்துக்கு மூன்று நடை. வரும்போது மனுஷியாக வருகிற பச்சையம்மா திரும்பும்போது துணிமூட்டையாக ரயில் ஜன்னலில் சாய்ந்து போவாள். போன மாதம் படிக்கட்டில் மயங்கி விழுந்து நெற்றி பிளந்தது. டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்: இந்த அலைச்சலை இந்த உடம்பு தாங்காது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் நான் என்ன வைத்தியம் பார்த்தும் பிரயோஜனமில்லை.

ஒரு அறை, ஒரு குழாய், ஒரு கக்கூஸ். கேட்டது அவ்வளவுதான். நிரோஷா இருந்தது பெண்கள் விடுதியில். அங்கே அம்மாக்களுக்கு இடமில்லை. ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை அவளுக்கு. சம்பளம் ஒழுங்காக வருகிறது, வேலைக்கான கடிதம் இருக்கிறது, முன்பணம் கையில் இருக்கிறது. ஆனாலும் வீடு கிடைக்கவில்லை.

வீடு காட்டுகிற தரகர் தயாளன், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசுகிற ஆள், அவளைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பீடிகை போட்டார். நேற்று அவள் தனியாக வந்து பேசியபோது வீட்டுக்காரர் போனில் பச்சை விழுந்ததாம். இன்று அம்மா வாயைத் திறந்தாள், சிவப்பு.

"எதுக்குச் சிவப்பு?"

"அது மெஷின் மேடம். ஓனருங்க யாரும் இப்ப எதுவும் கேக்கறதில்ல. கேட்டா கேஸாயிடும்ல. அதான் மணி கேட்டுக்குது."

"என்ன கேக்குது?"

"பேச்ச." தயாளன் குரலைத் தணித்தார். "எனக்கும் ஒருதபா மஞ்சள் விழுந்துச்சு மேடம். நான் இப்பல்லாம் மணிகிட்ட வாயே தொறக்கறதில்ல. ஹாரன் அடிச்சிட்டு நிப்பேன்."

நிரோஷா திரும்பிப் போய் மணியின் முத்திரையைப் பார்த்தாள். அந்த மணியின் பெயர் நல்வரவு. அதே கம்பெனி விசிறி, ஃபிரிட்ஜ், கீசர் எல்லாம் செய்கிறது. விடுதிக்குத் திரும்பியதும் அதன் செயலியைப் போனில் இறக்கி, அடியாழத்தில் இருக்கும் 'சட்டத் தகவல்' பக்கத்துக்குப் போனாள். யாரும் படிக்காத பக்கம் அது. யாருடைய இலவச உழைப்பையெல்லாம் எடுத்து இந்தப் பொருளைச் செய்தோம் என்று கம்பெனிகள் பொடி எழுத்தில் நன்றி சொல்லும் இடம். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு வரி. *செவி. உரிமை: ப. நிரோஷா மற்றும் பங்களித்தவர்கள்.*

ஒரு காலத்தில் இந்த வரியை எந்தப் பொருளில் பார்த்தாலும் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவாள். கிரைண்டரில் நம்ம பேரு, டிவியில் நம்ம பேரு. அம்மா அதைக் காலனி முழுக்கக் காட்டிவிட்டு வருவாள்.

செவி அவள் காலேஜில் செய்த மென்பொருள், தமிழ்ப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். மூன்றாம் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியது. மாத்திரை வேளையை நினைவுபடுத்தவும், ஆபத்தென்றால் ஆம்புலன்சைக் கூப்பிடவும் அரசாங்கம் நோயாளிகளுக்கு ஒரு பேசும் பெட்டி கொடுத்தது. நலப்பெட்டி. தமிழ் தெரியும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. ஊர்த்தெருவில் எல்லா வீட்டுப் பெட்டிக்கும் தமிழ் தெரிந்தது. காலனிக்கு வந்த பெட்டிகள் மட்டும், யார் எதைக் கேட்டாலும், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றன. அம்மா அதை மாமியாரைத் திட்டுவதுபோலத் திட்டுவாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நிரோஷாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா பேசுவது தமிழ் இல்லையென்றால் பின்னே எது தமிழ்?

போனைத் தூக்கிக்கொண்டு காலனி முழுக்கச் சுற்றினாள். சண்டை, பேரம், ஒப்பாரி, கிண்டல், எல்லாவற்றையும் பதிவு செய்தாள். ஏகாம்பரம் மாமா பழைய லாரி டிரைவர். நாக்பூர் ரோட்டுக் கதைகளாகவே நாள்கணக்கில் பேசிக் கொடுத்தார். செவியின் ஆதிக்குரலில் பாதி அவருடையது. பிறகு பரமக்குடியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் அவரவர் தெருவைப் பதிவு செய்து அனுப்பினார்கள். யாருக்கும் யாரும் எதுவும் தரவில்லை. திறந்தவெளியில், ஆளுக்கொரு கை போட்டு, ஒரு காது வளர்ந்தது.

அதில் நிரோஷா செய்த ஒரு காரியம் உண்டு. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு தமிழ் மாறும். இதை ஒத்துக்கொள்ளப் பேராசிரியர்கள் தயங்கினார்கள். காலனியில் பிறந்த பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே தெரியும், மளிகைக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அவள் ஒரு குறி போட்டாள்: ஊர், காலனி. யார் பேசினாலும் செவி முதலில் இது எந்தத் தெருவின் தமிழ் என்று அனுமானித்து ஒரு எண் போடும், பிறகு அதற்குத் தோதான காதைத் திறந்துகொள்ளும். குறி போட்டதும் பிழைகள் சரசரவென்று இறங்கின. மேல்தெருப் பிள்ளை யாராவது செய்திருந்தால் அந்தக் குறியைப் போட்டிருக்கவே மாட்டார்கள்; வேறுபாடே காதில் விழுந்திருக்காது, விழுந்தாலும் எழுதக் கை கூசியிருக்கும். அவள் பெருமையாகப் போட்டாள். எங்கள் பேச்சு வேறு, அதற்கும் காது கொடு என்று.

வெளியிடும்போது உரிமம் எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் இறுக்கமான உரிமம் ஒன்றைச் சொன்னார்கள்; எடுத்தவன் தன் சரக்கையும் திறந்து காட்ட வேண்டும் என்கிற வகை. நிரோஷா இருப்பதிலேயே தளர்ந்ததைப் போட்டாள். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். தொடாதே, வராதே என்று கேட்டு வளர்ந்தவளுக்குத் தன் பொருளைச் சுற்றி ஒரு வேலி போட மனசு வரவில்லை.

செவி சின்னது. மலிவான சில்லில் ஓடும், இணையம் வேண்டாம். வீட்டுச் சாமான் செய்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சில வருஷங்களில் அது எல்லாவற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. நலப்பெட்டிக்கும் வந்தது. காலனிப் பெட்டிகள் பேச ஆரம்பித்த அன்று ஏகாம்பரம் மாமா பெட்டிக்கு மாலை போட்டார்.

நல்வரவு கம்பெனியில் செவியைக் கவனிக்கிறவன் பெயர் குணசீலன். செவியின் பொதுப் பக்கத்தில் இரண்டொரு தடவை பிழை திருத்தி அனுப்பியிருக்கிறான். பார்க்க வேண்டும் என்று எழுதியதும் கந்தன்சாவடி டீக்கடைக்கு ஓடியே வந்துவிட்டான். அவளைவிடச் சின்னப் பையன். நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் பொருளே இல்லை அக்கா என்றான், கூட நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்துக்கொண்டான். பிறகு அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மணிய வச்சு ஜாதி பாக்கறீங்களா?"

"ஐயோ அக்கா. அந்த வார்த்தையே எங்க புரோகிராம்ல எங்கயும் கிடையாது. வக்கீல வச்சுப் பாத்தாச்சு. செவி ஒரு நம்பர் குடுக்குதுல்ல, அத எடுத்துப் படிக்கறோம். அதுக்கு மேல மூணு கலர் போடறோம். வாடகைதாரர் பொருத்தம்னு பேரு. அவ்ளோதான்."

"அந்த நம்பர் காது மாத்தறதுக்குடா."

"எதுக்குன்னு நீங்க எழுதலயே அக்கா." அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமான மரியாதையோடுதான் சொன்னான். "யாரும் எதற்கும்னுதான போட்டிருக்கீங்க."

நிரோஷா டீயைக் கீழே வைத்தாள். அவன் ஊர் எது என்று கேட்டாள். திண்டிவனம் பக்கம் என்றான். பிறகு ஒரு கணம் நிறுத்தி, ஊருக்குள் இல்லை, வெளியே என்றான்.

"புது மணி வந்தா ஆபீஸ்ல என்னைத்தான் பேசச் சொல்லுவாங்கக்கா. எங்க வீட்ல பேசற மாதிரி. சிவப்பு ஒழுங்கா விழுதான்னு பாக்க." கண்ணாடித் தம்ளரின் அடியில் இருந்ததை உறிஞ்சினான். "ஜாலியாத்தான் இருக்கும். எல்லாரும் கை தட்டுவாங்க."

அவனைத் திட்டத்தான் வந்திருந்தாள். திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

அந்த வாரமே அவள் செவியைத் திறந்து குறிகளைப் பிடுங்கினாள். ஊரும் இல்லை, காலனியும் இல்லை, எல்லோருக்கும் ஒரே காது. எண்ணே போடாத மணியால் எந்தக் கலரைக் காட்ட முடியும்? சோதித்துப் பார்த்தாள். காலனிக் குரல்களில் பிழை கொஞ்சம் கூடியது. சின்னச் சரிவுதான், தாங்கும் என்று நினைத்தாள். சோதிக்க அவளிடம் இருந்த பதிவுகளோ நல்ல உடம்போடு, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பேசியவர்களுடையவை. திறந்த மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பெரிய மாற்றமென்றால் ஒரு வாரமாவது பொதுப் பக்கத்தில் போட்டு வைத்து, நாலு பேர் கண்ணில் பட்ட பிறகே சேர்ப்பார்கள். நிரோஷா அன்றைக்கே சேர்த்து, புதுப் பதிப்பு என்று முத்திரையும் குத்திவிட்டாள். அம்மாவின் கணுக்கால் ஒரு வாரம் பொறுக்கும் நிலையில் இல்லை. கோபமும் பொறுக்கவில்லை.

இரண்டு நாளில் குணசீலனிடமிருந்து செய்தி வந்தது. புதுசைப் பார்த்தோம் அக்கா, நாங்கள் பழசிலேயே நின்றுகொள்கிறோம், வேண்டியதை முன்பே தனியாக எடுத்து வைத்திருக்கிறோம் என்று. கீழே ஒரு கும்பிடு பொம்மை.

அவளுக்கு இது தெரியாததல்ல. எந்தக் கம்பெனியும் செய்வதுதான். ஆள் வைத்திருக்கிறவர்கள் வருவதைச் சலித்துத்தான் எடுப்பார்கள். ஆள் இல்லாத பொருள்கள் மட்டும்தான் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்கும். அப்படி ஆள் இல்லாத பொருள் எது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். நலப்பெட்டியைச் செய்து கொடுத்த ஒப்பந்தக்காரர் எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பெட்டிகள் தாமாகவே ஒவ்வொரு விடியலிலும் எழுந்து, புதுசு என்ன இருக்கிறதென்று பார்த்து, வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

அலுவலகத்தில் இருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"நிரோசா, ஏகாம்பரண்ணன் பூட்டாருடி."

எப்படி என்று கேட்டாள்.

"காத்தால மாரு அடச்சிக்கினு பொட்டிய கூப்ட்டுக்கீறாரு. மாரு அடைக்குது, வண்டிய வரச்சொல்லுன்னு அவுரு கத்துனது எங்கூட்டு வரிக்கும் கேட்டுது. பொட்டிகிட்டதான பேசறாரு, அது வண்டிய இட்டாந்துரும்னு நாங்கோ எங்க வேலையப் பாத்துக்கினு இருந்துட்டோம். அப்பால போய்ப் பாத்தா ஆளு கட்டயா சாஞ்சிட்டாரு. பொட்டி மட்டும் அதயே சொல்லிக்கினு கீது."

"எதும்மா?"

"புரியலியாம்."

நிரோஷா சாவுக்குப் போனாள். ஏகாம்பரம் மாமா வீட்டு அலமாரியில் பெட்டியின் மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். பிணத்தின் முகத்தை மூடுகிற மாதிரி. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நீ பண்ணின பெட்டிதான் இத்தனை வருஷம் எத்தனை பேரைக் காப்பாற்றியது, அன்றைக்கு என்னவோ கெட்டுப்போய்விட்டது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி அவள் முகத்தைத் துடைத்துக்கூட விட்டாள். அந்தக் கையை அவளால் தாங்க முடியவில்லை.

வருவதற்கு முன்பே, ரயிலில் உட்கார்ந்தபடியே, எல்லாக் குறிகளையும் மறுபடி போட்டுவிட்டிருந்தாள். ஊர், காலனி. அதே எழுத்து, அதே இடம், அவள் கையாலேயே. மறுநாள் விடிந்தபோது பெட்டிகளுக்குக் காலனித் தமிழ் திரும்பவும் புரிந்தது. நல்வரவு மணி இந்தப் பக்கமும் அசையவில்லை, அந்தப் பக்கமும் அசையவில்லை. நடுவில் ஒரு ஆள் போய்விட்டார், அவ்வளவுதான் நடந்தது.

அதற்குள் அம்மா இன்னொரு தடவை ரயிலில் மயங்கினாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் இப்போது வீடு கிடைத்ததா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். நிரோஷாவுக்கு அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

சேலையூர்ச் சுவர்களில் புதிதாக ஒரு சுவரொட்டி முளைத்திருந்தது. 'வீடு கிடைக்கவில்லையா? பேச்சுப் பயிற்சி. பச்சை உத்தரவாதம்.' முன்பெல்லாம் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்த அதே மாடி, அதே பெஞ்சு. தயாளன் அங்கே சேர்த்துவிடச் சொன்னார். அங்கே போனவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், வயசானவர்கள்தான் கொஞ்சம் இழுப்பார்கள் என்றார். அங்கே அளக்கிற கருவியும் செவிதான் என்று நிரோஷாவுக்கு விசாரிக்காமலே தெரியும். அதற்கு எதற்குப் பயிற்சிக்கூடம்? லீவு போட்டுவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காலனிக்குப் போனாள்.

"எம்பேரே பச்சையம்மா. எனக்கு எதுக்குடி பச்சை?" என்று அம்மா கேட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து பேச வைத்தாள். அம்மா பேசப் பேச, திரையில் எண் துள்ளியது. மேலே போனால் சிவப்பு, கீழே வந்தால் பச்சை. வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லச் சொன்னாள். 'ஊடு பாக்க வந்துக்கீறோம்' என்று வந்தது. வீடு, என்றாள் மகள். ஊடு, என்றாள் அம்மா. வீட்டை விட்டுவிட்டுக் குழம்புக்குப் போனார்கள். கொயம்பு என்றதும் எண் கூரையைத் தொட்டது. அந்த மிசினுக்கு என் கொயம்பு பிடிக்கவில்லையா, ஒரு நாள் ஊற்றிக் கொடுத்துப் பார் என்று அம்மா சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கெக்கெக்கென்று சிரித்தார்கள். அம்மா அவர்களுக்காகத் தாலுகா ஆபீஸ் கிளார்க்கைப் போலப் பேசிக் காட்டினாள், தடுப்பூசி போட வரும் நர்ஸைப் போலப் பேசிக் காட்டினாள். விளையாட்டாகப் பேசும்போது எண் தடதடவென்று இறங்கியது. நிரோஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படியே பேசும்மா. அந்த நர்ஸ் மாதிரி."

"எம்மா நேரத்துக்கு?"

நிரோஷா திரையை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

அம்மா புத்திசாலி. பிடித்துக்கொண்டாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, வாக்கியத்தை முடித்து, ஒவ்வொரு ழகரத்துக்கும் நாக்கை மடித்துப் பேசினாள். எண் இறங்க இறங்க வேடிக்கை பார்த்த பெண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி எழுந்து போனாள். பிறகு மற்றவர்களும் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா பேச்சைக் காலத்துக்கும் கேட்க வைக்க வேண்டுமென்று செய்த காது, அதைக் கொண்டே அம்மா பேச்சை நிரோஷா கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். திரை பச்சையானபோது மகளும் தாயும் கை தட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. அம்மா மணிக்கு முன்னால் போய் நின்று, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "வணக்கம். வாடகைக்கு வீடு பார்க்க வந்திருக்கிறோம். நானும் என் மகளும் மட்டும்தான்" என்றாள். கதவு தானாகத் திறந்தது. வீட்டுக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு வந்து, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். தயாளன் முதல் தடவையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். வழுக்கைத் தலை.

விசிறி, ஃபிரிட்ஜ், கீசர் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை. எல்லாம் நல்வரவு. எல்லாவற்றுக்கும் காது உண்டு. பொருத்தம் மாதாமாதம் பார்க்கப்படும், குறைந்தால் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அலைச்சல் நின்றது. அம்மாவின் கால் வீக்கம் வடிந்தது, முகத்தின் ஊதல் இறங்கி எலும்பு தெரிந்தது, மூச்சு சீரானது. டாக்டர் மறுபடி பேச ஆரம்பித்தார். வீட்டுக்குள் தாயும் மகளும் நாடகத்தில் வருகிறவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டாயா. சாப்பிட்டேன் அம்மா. காலனியிலிருந்து போன் வந்தால் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை போய்ப் பேசிவிட்டு வருவாள். சில நாள்கள் பேசவே மாட்டாள். எதையாவது சொல்ல வாயெடுத்து, மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்து, அதற்குள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பெனிச் சாமான் எதுவும் இல்லை. ரத்தம் சுத்தமாகிற நாலு மணி நேரமும் அம்மா பக்கத்துக் கட்டில்காரியோடு மூச்சு விடாமல் பேசினாள், பாட்டி செத்த கதையிலிருந்து பன்றி பிடித்த கதை வரை. நர்ஸ் வந்து அதட்ட வேண்டியிருந்தது. டயாலிசிஸ் நாள்தான் அவளுக்கு இப்போது பொங்கல், தீபாவளி.

மழைக்காலம் முடிந்த சமயம், செவியின் பொதுப் பக்கத்துக்குக் குணசீலன் ஒரு பங்களிப்பு அனுப்பினான். அதற்கு முன்னால் போனிலும் கூப்பிட்டான்.

"எல்லாரும் கத்துக்கிட்டாங்கக்கா. யார் பேசுனாலும் பச்சையா வருது. ஓனருங்க எங்களைத் திட்டறாங்க. அதான் இதச் செஞ்சோம்."

பேச்சைக் கற்றுக்கொள்ளலாம். முனகலை யார் கற்றுக்கொள்வது? வலியில் இழுக்கிற மூச்சு, விக்கல், அழுகை, தூக்கத்தில் உளறுவது, இவற்றிலும் தெரு இருக்கிறது. இத்தனை நாளும் நல்வரவு விசிறிகள் மேலே சுற்றிக்கொண்டே கேட்டுச் சேர்த்த ஒலிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். கம்பெனி இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். குணசீலன்தான் மேலே பேசி, பொதுவில் கொடுக்க அனுமதி வாங்கியிருந்தான். ஏனென்று கேட்டாள்.

"நலப்பெட்டிக்கு ஆவும்ல அக்கா. மூச்சு முட்டற ஆளு எங்க ஒழுங்காப் பேசுவான்? எங்க தாத்தா ஒருத்தரு போன வருசம் அப்படித்தான் போனாரு. பொட்டிக்குப் புரியல."

எந்த மாதம் என்று அவள் கேட்கவில்லை.

வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். சுத்தமான வேலை, பழுது சொல்ல இடமில்லை. இந்தத் தடவை வழக்கப்படி ஒரு வாரம் திறந்து வைத்தாள். யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று நாளுக்கு நாலு தடவை பார்த்தாள். பரமக்குடி நர்ஸ் ஒருத்தி, சீக்கிரம் சேருங்கள் என்று எழுதினாள். பிரசவ வலியில் பெண்கள் பேசுவது பெட்டிக்குப் புரியவே மாட்டேன் என்கிறது, போன வாரம்கூட ஒரு உயிர். எல்லோரும் கைதூக்கியிருந்தார்கள். சேர்க்காவிட்டால் பெட்டிகள் வலிக்குச் செவிடாகவே இருக்கும். மணிகளுக்கும் விசிறிகளுக்கும் அவள் சம்மதம் தேவையே இல்லை, அவை ஏற்கனவே கேட்க ஆரம்பித்திருந்தன.

மதியம், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். நிரோஷா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, சேர்க்கவும் என்ற பொத்தானை அழுத்தினாள். நன்றி அக்கா என்று உடனே வந்தது. மூடி வைத்தாள்.

டயாலிசிஸ் முடிந்த நாளில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். தூக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. தொண்டையின் அடியிலிருந்து ஏதோ கிளம்பியது. அது சொல்கூட இல்லை, காலனியில் வலி வந்தால் எல்லோர் வாயிலும் வருகிற நீண்ட இழுப்பு. பாதி இழுப்பில் நிரோஷாவின் கை போய் அம்மாவின் வாயைப் பொத்தியது. கை போன பிறகுதான் அது தன் கை என்று அவளுக்கு உறைத்தது. உள்ளங்கையில் அம்மாவின் மூச்சு சூடாக முட்டியது.

அம்மா கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். அண்ணாந்து, சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாமல் வந்துவிட்டது" என்றாள். "இனிமேல் வராது."